பதினொரு வாளி

நாற்பத்திரண்டு வாளி. எண்ணித்தான் சொல்கிறேன். பி.ஏ. பரீட்சையை எழுதி முடித்து, பாளையங்கோட்டை விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய மறுநாள் சாயங்காலம், எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு நான் கோரி ஊற்றிய தண்ணீர் அவ்வளவு. நாற்பத்துமூன்றாவது வாளி பாதிக் கிணறு ஏறியபோது கை தானாக விட்டுவிட்டது. வாளியும் கயிறுமாக உள்ளே போய்விட்டன. எட்டிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தேன். நாலு வருஷமாகப் பேனா மட்டும் பிடித்த கை. நாலு விரலின் அடியிலும் தோல் கொப்பளித்துக்கொண்டு நின்றது.

கிணறு எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டில் இருப்பது பெரியப்பா மகனும் அவன் மனைவியும். எனக்கு அண்ணன், மயினி. வாளி விழுந்த சத்தம் கேட்டு மயினி வந்தாள். கிணற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னட்டி, நாலு வருசம் படிச்சது வாளிய உள்ள போடத்தானா?"

"கை வழுக்கிட்டு மயினி."

"வழுக்கவும் இல்ல ஒண்ணும் இல்ல. பழக்கம் கெடயாது. இரு, பாதாளக்கரண்டி எடுத்துட்டு வாறேன்."

கொண்டுவந்து அவளே துழாவி வாளியை எடுத்தும் கொடுத்தாள். கூடவே ஒரு வாளி கோரி என் பக்கம் வைத்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் அடுக்களை வாசலில் அம்மை நிற்கிறாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி.

"அந்தத் தண்ணிய அங்கயே ஊத்து" என்றாள் மெதுவாக. "செடிக்கு வேண்டாம்."

அம்மையின் வலது தோள் அந்த வருஷம் மாசி மாதத்தில் பிடித்துக்கொண்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. தலை பின்ன முடியாது, உறியில் எட்டி எடுக்க முடியாது. வர்ம ஆசான் எண்ணெய் கொடுத்து, ஆறு மாசத்துக்குக் கிணற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லியிருந்தார். தோள் பிடித்த முதல் வாரம் மயினிதான் தினமும் வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கோரினாள். அந்த வாரக் கடைசியில் கொட்டாரம் ஊர்க் கடையில் நின்று யாரிடமோ, "மவளப் படிக்க வச்சு என்ன, ஒரு வாளி தண்ணிக்கு நாந்தான் வேண்டியிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அது அம்மையின் காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து மயினி கோரிய தண்ணீர் எங்கள் தோட்டத்தில் விழவில்லை. அம்மை சண்டை போடவில்லை. "நாங்க பாத்துக்கிடுதோம்" என்று மட்டும் சொன்னாளாம். நான் வந்து சேரும்வரை இரண்டு மாசம் இடது கையாலேயே பாத்துக்கிட்டிருக்கிறாள். பாதித் தோட்டம் பட்டுப்போய்விட்டது. மிச்சம் இருந்ததற்குத்தான் நாற்பத்திரண்டு வாளி.

எங்கள் வீடு கொட்டாரத்துக்குக் கிழக்கே, வயல் முடிந்து பனை தொடங்குகிற இடத்தில். நாஞ்சில் நாடு என்றதும் எல்லோரும் வாழையும் வயலும் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். அவர்களை எங்கள் பின்கட்டுக்குக் கூட்டிவந்து சித்திரை மாசத்து மத்தியானம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு நிறுத்த வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த தரை. ஊற்றினால் சத்தம்கூட இல்லாமல் உள்ளே போகும். மேற்கே மலையில் வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதிப் பருவமழை கொட்டும்போது எங்களுக்கு வருவது காற்று மட்டும். அதுவும் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிற காற்று. அப்பா கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்காணி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். வந்ததும் வராததுமாக, "அங்க ஒரே மழை, அட்டைக் கடி தாங்கல" என்பார். அம்மையும் நானும் அவருக்குச் சோறு போடுவோம்.

இவ்வளவு கஷ்டத்தில் தோட்டம் எதற்கு என்று நான் கேட்காமல் இல்லை. வந்த மூன்றாம் நாளே கேட்டேன். கையில் துணி சுற்றிக்கொண்டு, நல்ல கோபத்தில்.

"பேசாம விட்டுரும்மா. சந்தையில காய் கெடைக்காமலா போச்சு?"

அம்மை மிளகாய்ச் செடியின் அடியில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "விட்டுரலாம். விடிஞ்சு எழும்பி நான் எங்க போவேன்?"

அப்பா மலையில். நான் இனி போகப்போகிறவள். எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை சொல்லிவைத்திருந்தார்கள். பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். அங்கேயே விடுதியில் தங்கி, சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். ஆனால் நாற்பத்திரண்டு வாளியை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? கூலிக்கு ஆள் தேடினோம். கோடையில் அவனவன் கிணற்றுக்கே ஆளில்லை. ஆக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பள்ளி திறப்பதற்குள் அந்த எண்ணைக் குறைக்க வேண்டும். குறைந்தால் நான் போகலாம். இல்லையென்றால் இந்தக் கப்பிக்கயிறுதான் எனக்கு வேலை.

நான் படித்தது சரித்திரம். செடியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் படித்தவள் என்ற திமிர் இருந்தது. அது சில சமயம் உதவுகிறது.

முதலில் நான் செய்தது உட்கார்ந்து பார்த்ததுதான். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். கிணற்றடியில் ஊற்றி, வாய்க்கால் வழியாகப் பாத்திக்கு விடுவதுதான் எங்கள் வழக்கம். வாய்க்கால் பதினைந்து அடி நீளம் இருக்கும். மூன்று வாளி ஊற்றினால் முதல் வாளியை வாய்க்காலே குடித்துவிடும். இரண்டாவதில் பாதியும் அதற்குத்தான். மிச்சம் மெல்ல நகர்ந்து போய்ப் புடலைப் பந்தலைத் தொடும். இத்தனை வருஷம் அம்மை பாதித் தண்ணீரை ஒரு செடியும் இல்லாத வெறும் மணலுக்குக் கோரியிருக்கிறாள். வாய்க்காலை மூடினேன். வாளியைச் செடிக்கே தூக்கிக்கொண்டு போனேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் நாற்பத்திரண்டு இருபத்தெட்டு ஆயிற்று.

அடுத்தது தடம். செடியின் மூட்டில், அதாவது அடியில், ஊற்றாமல், ஒரு முழம் தள்ளி வட்டமாக மண்ணைத் தோண்டி அதில் ஊற்றுவது. அம்மைக்கு இது பிடிக்கவில்லை.

"வாய் இங்க இருக்கச்ச சோத்தக் காதுலயா வைப்பா?"

"வேருக்கு வாய் தள்ளித்தாம்மா இருக்கு. தோண்டிப் பாரு."

தோண்டிக் காட்டினேன். ஒரு வெண்டைச் செடி அதில் செத்தது. அம்மை அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "செரி, இனி ஒண்ணும் தோண்டிக் காட்டாண்டாம்" என்றாள்.

தடத்துக்குள் கதம்பல் போட்டேன். கதம்பல் என்றால் உரித்த தேங்காயின் மட்டை. குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கி, மேலே வாழைச் சருகைப் போட்டு மூடினால், ஊற்றிய தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாளைக்கு மெல்ல விடும். "சிதல் கேறும்" என்றாள் அம்மை. கறையானும் ஏறத்தான் செய்தது. வேப்பம்புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். மத்தியானத்தில் ஊற்றுவதை நிறுத்தி, வெயில் சாய்ந்தபிறகு மட்டும் ஊற்றினேன். இருபத்தெட்டு பத்தொன்பது ஆயிற்று.

பிறகு துணி நனைக்கிற கல். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் துணி துவைப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். துணி நனைப்பதுதான். செடிக்குத் தண்ணீர் விடுவதற்கும் அதே சொல். விடுதியில் முதல் வருஷம் நான், "இன்னைக்குத் துணி நனைக்கணும்" என்று சொன்னால் மதுரைக்காரி ஒருத்தி, "நனைச்சா போதுமாப்பா? ஒங்க ஊர்ல அழுக்க யாரு எடுப்பா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நாலு வருஷமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாவம், அவளுக்கு வேறு வேடிக்கை கிடைக்கவில்லை.

அந்தக் கல் கிணற்றடியில் கிடந்தது. துணி நனைத்த தண்ணீரெல்லாம் வேலி ஓரம் ஓடி எருக்கஞ்செடிக்குப் போயிற்று. எருக்கு எங்களுக்கு எதற்கு? அப்பா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும் அண்ணனையும் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டி வாழை மூடு பக்கம் கொண்டுபோய்ப் போட்டோம். சவுக்காரத் தண்ணீரை வாழை தாங்கும். மிளகாய் தாங்காது. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் விளக்கிய தண்ணீர் எல்லாம் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும். பத்தொன்பது பதினைந்து.

பதினைந்தில் நின்றுவிட்டது. ஒரு வாரம் அதற்கு மேல் குறையவில்லை. அப்போதுதான் பானை யோசனை வந்தது. மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிறைத்து, ஓட்டால் மூடிவைத்தால் பானை கசிந்து கசிந்து சுற்றியுள்ள வேருக்குத் தண்ணீர் கொடுக்கும் என்று விடுதிச் சமையல்காரி ஒருமுறை சொல்லியிருந்தாள். அவள் ஊர் ராமநாதபுரம் பக்கம். தண்ணீரைப் பற்றி அவள் சொன்னால் நம்பலாம்.

சுசீந்திரம் போகிற வழியில் பானை சுடுகிற வீடு ஒன்று உண்டு. போனேன். எங்கள் ஊரில் பானை வாங்கத் தெரியாத பெண்ணுக்கு மரியாதை கிடையாது. ஒவ்வொரு பானையையும் தூக்கி, விரலை மடக்கித் தட்டி, காதோரம் வைத்துக் கேட்க வேண்டும். கணீர் என்றால் எடு. மொத்தென்றால் வை. நான் அரை மணி நேரம் தட்டித் தட்டி ஆறு பானை எடுத்தேன். கோயில் மணி தோற்றுப்போகும். நன்றாகக் கறுக்கச் சுட்ட பானைகள். பானை விற்ற கிழவர்கூட, "நல்லாத் தெரிஞ்சவளாக்கும்" என்று சொன்னார். ஆறையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, குழி தோண்டிப் புதைத்து, நிறைத்து, மூடினேன். மறுநாள் திறந்து பார்த்தால் வைத்த தண்ணீர் வைத்தபடி. மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் ஒரு பானைக்குள் தவளை இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மயினி கேட்டாள். "கொளம் வெட்டுதியாட்டி?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"ஒழுகணும்ன்னா வாங்குன?"

"ஆமா."

"ஒழுகுக பானையத் தட்டிப் பாத்து வாங்குனியா? அதுவும் கணீர்னு?"

"மயினி, போதும்."

"ஏ மக்கா. ஒழுகுக பானை வேணும்னா எனக்கிட்டக் கேக்காண்டாமா? மாட்டுத் தொழுத்துப் பின்னால அஞ்சாறு கெடக்கு. ஒண்ணுலயும் ராத்திரி வச்ச தண்ணி காலைல இருக்காது. அள்ளிட்டுப் போ."

அன்று மத்தியானம் அம்மை தூங்கும்போது நான் கறுப்புப் பானைகளைத் தோண்டி எடுத்துவிட்டு மயினி வீட்டு ஓட்டைப்பானைகளைப் புதைத்தேன். ஐந்து. இரண்டில் ஓட்டை பெரிதாக இருந்தது, துணி திரித்து அடைத்தேன். பிறகு நிறைத்துப் பார்த்தால் இரண்டு நாளில் வடிந்தது. சரியான கணக்கு. புடலை, பாகல், மிளகாய், கத்தரி எல்லாம் பானையைச் சுற்றி நிமிர்ந்து நின்றன. பதினைந்து பதினொன்று ஆயிற்று.

அம்மைக்கு மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. பானைக் கழுத்தில் மயினி வீட்டுச் சுண்ணாம்புக் கோடு.

"அவ வீட்டு ஓட்டப்பானை நம்ம மண்ணுல எதுக்கு?"

"அவ தூரப்போட வச்சிருந்ததும்மா."

"அதான் கேக்கேன். அவ தூரப்போடுகது நமக்கு எதுக்கு?"

எனக்குக் களைப்பாக இருந்தது. இரண்டு மாசத்தில் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது, முதுகு நிமிரவில்லை, சாப்பிட்ட உடனே தூங்கிவிடுகிறேன், தூக்கத்திலும் கயிறு இழுக்கிறேன். பதினொன்று என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வாளி யாராலும் முடியும். அரை மணி நேர வேலை. அம்மைக்கு இப்போதைக்கு முடியாவிட்டாலும் மயினிக்கு அது ஒரு வேலையே இல்லை. தோள் சரியாகிறவரை மயினி, பிறகு அம்மை. நான் இல்லாதபோது அம்மையின் பிடிவாதம் தளரும் என்று ஒரு கணக்கு. நான் போகலாம்.

பள்ளியில் சான்றிதழ்களைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவரக் கூப்பிட்டிருந்தார்கள். போக, வர, காத்துக்கிடக்க என்று நாலு நாள் ஆகும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புறப்படுவதற்கு முந்தின நாள் மயினியிடம் போய்ச் சொன்னேன். பானை ஐந்துக்கும் ஒவ்வொரு வாளி, எலுமிச்சைக்கு இரண்டு, சீனியவரைக்கு இரண்டு, வெண்டைக்கு இரண்டு.

"பதினொண்ணு" என்றாள். "எழுதித் தாறியா, நெஞ்சுலயே வச்சுக்கிடணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க மயினி. அம்மைக்குச் சிலப்போ முடியும், சிலப்போ முடியாது. நீங்க கேட்டுப் பாத்துட்டு, நனைக்கலன்னா கோரி ஊத்திருங்க."

"நீ பெய்ட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

நாலாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தேன். வேலை உறுதியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது கொடி. துணி காயப்போடும் கொடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துணி. அப்பா மலைக்குக் கொண்டுபோகாமல் பெட்டியில் வைத்திருந்த சட்டைகள். அம்மை கோயில் திருநாளுக்குக் கட்டுகிற சீலைகள், வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே வருபவை. என் பழைய பாவாடைகள். தலையணை உறை. ஜன்னல் துணி.

அடுத்து வாழை. பச்சைப்பசேலென்று நின்றது. புதுக் குருத்து விட்டிருந்தது.

மற்றதெல்லாம் துவண்டிருந்தது. வெண்டை குனிந்து நின்றது. சீனியவரையின் இலைகள் சுருண்டுவிட்டன. பந்தலில் புடலை விரல் நீளத்தில் வாடித் தொங்கியது. பானை மூடியைத் திறந்தேன். உள்ளே உலர்ந்த மண் வாசனை.

வேலியோரம் போய் மயினியைக் கூப்பிட்டேன்.

"ஒரு நாளுகூட ஊத்தலியா மயினி?"

மயினி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னத்துக்கு ஊத்தணும்? நாலு நாளும் கேட்டேன். மாமி, நனைச்சாச்சான்னு கேட்டேன். நனைச்சாச்சுன்னு சொன்னா."

"செடியப் பாத்தீங்களா?"

"நான் உங்க தோட்டத்துல ஏறதில்லல்லா. ஏறச் சொன்னா ஏறுவேன்." பிறகு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஏ, இது என்னதிது."

நான் திரும்பினேன். அம்மை வாசலில் நின்றாள்.

"நனைச்சாச்சுன்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"என்னத்த நனைச்ச?"

அம்மை கொடியைப் பார்த்தாள். "துணி."

"அவங்க கேட்டது செடிய."

"அவ துணியா செடியான்னு கேக்கல்ல. நனைச்சாச்சான்னு கேட்டா. நனைச்சிருந்தேன். சொன்னேன். நான் பொய் ஒண்ணும் சொல்லல்ல."

அம்மை பொய் சொல்லமாட்டாள். அது எங்கள் தெருவுக்கே தெரியும். பொய் ஆகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் மடித்து வைத்த சுத்தமான துணிகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, ஒற்றைக் கையால் கோரிய தண்ணீரில், நாளுக்கு ஒரு கட்டாக நனைத்திருக்கிறாள். அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது.

"எத்தன வாளி கோருன?"

"நாலு."

"தெனமுமா?"

"தெனமும். முக்கா முக்கா வாளி."

"அந்த நாலையும் செடியில ஊத்தியிருக்கலாமே."

"ஊத்தியிருக்கலாம்" என்றாள் அம்மை. "அவ வந்து கேப்பா. நாலு ஊத்தினேன்னு சொல்லணும். மிச்சம் ஏழுக்கு வாளியத் தூக்கிட்டு வருவா. ஏழு வாளி ஊத்திட்டு நாளைக்குக் கொட்டாரத்துல பெய் நிப்பா. மவ வேலைக்குப் பெய்ட்டா, பெத்த தள்ளைக்குத் தண்ணி நாந்தான் கோருகேன்னு சொல்லுவா."

வேலிக்கு அந்தப் பக்கம் மயினி அசையாமல் நின்றாள். அவளுக்கு முன்னாலேயே இதை அம்மை சொல்லிவிட்டாள். இத்தனை மாசமாகச் சொல்லாததை. கொடியில் துணி அடித்துக்கொண்டிருந்தது. மேற்கேயிருந்து காற்று தொடங்கியிருந்தது.

"மாமி" என்றாள் மயினி. "நான் ஒரு வார்த்த சொன்னேன். சொல்லல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு அந்தச் செடி என்ன பண்ணிச்சு?"

மயினி கொஞ்சம் காத்து நின்றுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

நான் தரையிலேயே உட்கார்ந்தேன். இரண்டு மாசம். வாய்க்கால், தடம், கதம்பல், கல், பானை. ஒவ்வொரு வாளியாகக் குறைத்துக் குறைத்துப் பதினொன்றுக்குக் கொண்டுவந்திருந்தேன். அந்தப் பதினொன்று எங்கே இருந்து வந்தது? செடிகளைக் கேட்டு வந்தது. மண்ணைக் கேட்டு வந்தது. அம்மையின் கையை நான் கேட்கவே இல்லை. அந்தக் கைக்கு நாலு. அதுவும் முக்கால் முக்கால்.

"நான் போகல்ல" என்றேன். "எழுதிப் போட்டுருதேன்."

"எதுக்கு?"

"பின்ன நீ எப்படி?"

அம்மை என் பக்கத்தில் வந்து நின்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்ப அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"நீ இங்கன இருந்தா நாப்பது வாளியும் கோருவ. கோரிக்கிட்டே இருப்ப. என்னைய மாதிரி." வலது தோளைக் கொஞ்சம் அசைத்தாள். "எழும்பு. நாலு வாளிக்கு எது நிக்கும்னு பாப்போம்."

அன்று இருட்டுவதற்குள் அதைச் செய்தோம். அந்த வேலையை மட்டும் அம்மை என்னிடம் விடவில்லை. வாழை நிற்கலாம், அதற்குத் துணி நனைத்த தண்ணீர் உண்டு. கறிவேப்பிலையும் முருங்கையும் நிற்கலாம், அடுக்களைத் தண்ணீர் போதும். எலுமிச்சைக்கு ஒரு வாளி. மிளகாயில் ஐந்து மூடு, கத்தரியில் மூன்று, பானை இரண்டு. அதற்கு இரண்டு வாளி. மிச்சம் ஒன்று பாகலுக்கு. ஆயிற்று நாலு.

"புடலை?" என்று கேட்டேன். பந்தல் போட்டு அவள் ஒவ்வொரு வருஷமும் பார்த்துப் பார்த்து வளர்ப்பது புடலையைத்தான். காய் நேராகத் தொங்க நுனியில் கல் கட்டிவிடுவாள்.

"புடலை குடிகாரி" என்றாள். "அதுக்கு ஊத்த நம்மால ஆவாது."

அரிவாளை இடது கையில் வாங்கி, பந்தலின் அடியில் குனிந்து, கொடியை அவளே வெட்டினாள். ஒரே வெட்டில் போகவில்லை. இடது கைக்குப் பழக்கம் இல்லை. மூன்று வெட்டு. பிறகு சீனியவரையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான் வெண்டையைப் பிடுங்கினேன். வேர் எளிதாக வந்தது, மண்ணில் பிடிக்க ஈரமே இல்லை. பிடுங்கியதை எல்லாம் தடத்திலேயே போட்டு மூடினோம், நிற்கிற செடிகளுக்கு அது நிழல். காய்ந்தது போக, பிஞ்சாக இருந்ததையெல்லாம் அம்மை ஒரு ஓலைக் கடவத்தில் எடுத்து வைத்தாள்.

தேவையில்லாத மூன்று ஓட்டைப்பானைகளைத் தோண்டி எடுத்து வேலியோரம் வைத்தேன். மறுநாள் காலையில் பார்க்கும்போது இல்லை. மயினி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் பக்கத்து வேலியோரம் புதிதாக மூன்று இடத்தில் மண் கிளறிக் கிடந்தது. அவளுக்கும் புடலை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் புறப்பட்டேன். அம்மை கிணற்றடியில் மூன்றாவது வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் ஒரு இழு, கயிற்றைக் கப்பி மாட்டிய மரத்தூணோடு முழங்காலால் அழுத்தி நிறுத்து, மறுபடி ஒரு இழு. எப்போது கண்டுபிடித்தாள் இதை என்று தெரியவில்லை. நான் உதவப் போகவில்லை. போயிருந்தால் திட்டியிருப்பாள். மயினி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் போகவில்லை. "பெய்ட்டு வா மக்கா" என்றாள் என்னிடம். "லெட்டர் போடு. மாமிக்குப் போடலன்னாலும் எனக்குப் போடு. நான் படிச்சுச் சொல்லுவேன்." அம்மைக்கு என்னைவிட நன்றாகப் படிக்க வரும். அது மயினிக்கும் தெரியும்.

நாகர்கோவிலில் பஸ் மாறி ஏறியதும் தூங்கிவிட்டேன். ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில்தான் விழித்தேன். அப்போதெல்லாம் திருவிதாங்கூர் முடிந்து மதராஸ் தொடங்குகிற இடம் அது. யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பார்கள். அங்கே அடிக்கிற காற்றில் பஸ்ஸே ஆடியது. சாவடிக்காரர் என் பெட்டியைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த துணிப்பையை அவிழ்த்தார். அம்மை வைத்தது. உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது. விடுதிக்குப் பலகாரம் என்று நினைத்திருந்தேன்.

சுண்டுவிரல் கனத்தில் புடலைப் பிஞ்சு. வெண்டைப் பிஞ்சு. ஒரு கைப்பிடி சீனியவரை, நரம்புகூட விடாதது.

அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பிஞ்சுல யாராவது பறிப்பாங்களாம்மா? இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாமே."

"தண்ணி இல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கட்டிக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனேன்.